தோற்ற நாள் அடுத்த வீட்டில் விடியும்

எங்கள் ஊரில் கேசினோ நடந்தது எந்த வருஷம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், நம்பாதீர்கள். சிவகாசிக்காரர்களிடம் வழி கேட்கலாம், வரன் கேட்கலாம், வருஷம் மட்டும் கேட்கக் கூடாது. ஆடிப்பெருக்கு அன்றைக்கே அடுத்த வருஷத்துக் காலண்டருக்குப் பூஜை போட்டு மிஷினில் தாள் ஏற்றிவிடுகிற ஊர் இது. உலகமெல்லாம் இந்த வருஷத்துத் தீபாவளிக்குத் துணி எடுத்துக்கொண்டிருக்கும்போது, எங்கள் ஆட்கள் அடுத்த வருஷத்துத் தீபாவளியை அச்சடித்து, ஓரம் வெட்டி, தகரம் அடித்து, லாரியிலே ஏற்றி அனுப்பியிருப்பார்கள். கையெழுத்துப் போடச் சொன்னால் கீழே வருஷத்தை ஒன்று கூட்டித்தான் எழுதுவார்கள். பேங்க்காரர் தலையில் அடித்துக்கொண்டு வேறு படிவம் கொடுப்பார்.

என் பெயர் மாரீஸ்வரி. தினசரித் தாள்கட்டை அட்டையில் ஒட்டுகிற வேலை எனக்கு. அந்தக் கேசினோவில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு சக்கரம் சுற்றியவள் நான்தான், அதனால் மற்றவர்கள் சொல்வதை விட்டுவிட்டு என்னைக் கேளுங்கள்.

சென்னையிலிருந்து ஹரிசுதன் என்று ஒரு டிவிக்காரர் வந்தார். கேசினோ சூதாட்டத்தை வைத்து ஒரு ரியாலிட்டி ஷோ செய்யவேண்டும் என்பது அவருக்குச் சேனல் கொடுத்த வேலை. பெரிய ஊர்களில் வாடகை கட்டுப்படியாகாமல், மூடிக்கிடந்த பழைய அச்சாபீஸ் குடோன் ஒன்றை எங்கள் ஊரில் பிடித்துவிட்டார். சிவப்புக் கம்பளம் விரித்து, கண்ணாடி விளக்கு தொங்கவிட்டு, ஆசாரியிடம் சொல்லி வண்டிச்சக்கரம் அளவுக்குச் சூதாட்டச் சக்கரம் ஒன்றும் செய்துகொண்டார். கறுப்பும் சிவப்புமாகக் கட்டம், அதற்குள் ஓடி விழ ஒரு குண்டு.

"கேசினோவுல ஜன்னல் இருக்காதும்மா, கடிகாரம் இருக்காது, காலண்டர் இருக்காது. உள்ள வந்தவனுக்கு நேரம் போறதே தெரியக் கூடாது, அதான் டெக்னிக்கு" என்று எனக்குப் பாடம் எடுத்தார். "காலண்டர் இல்லாத சுவரா? அதுக்கு நீங்க வேற ஊருதான் பாக்கணும்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாம் தயாரான பிறகு சேனலின் வக்கீல் போன் போட்டார். பணம் வைத்து ஆடக் கூடாது, நகை வைத்து ஆடக் கூடாது, வண்டி வாகனம் வீடு வாசல் எதையும் வைக்கக் கூடாது, வைத்தால் எல்லாரும் உள்ளே போகவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். ஹரிசுதன் அப்படியே குடோன் மூலையில் கிடந்த பழைய காலண்டர் கட்டுகளின்மேல் உட்கார்ந்துவிட்டார். விற்காமல் மிஞ்சிய வருஷங்கள் எல்லாம் அங்கேதான் அடுக்கிக் கிடந்தன, நாற்பது ஐம்பது வருஷத்து நாட்கள். யூனிட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்த மெஸ்காரி சீனியம்மாள் அவரைப் பார்த்துவிட்டு, "எதுக்குத் தம்பி கன்னத்துல கை வச்சு உக்காந்திருக்கீங்க? பணத்த வைக்கக் கூடாதுன்னா, உக்காந்திருக்கீங்களே, அத வையுங்க" என்றாள். சீனியம்மாளுக்கு வாய் நீளம். புருஷன் போய் வருஷக்கணக்காகியும், சட்டி பானைகளோடு தனியாகக் கிடந்து அவற்றையே அதட்டிப் பழகிய வாய்.

அவள் கிண்டலுக்குச் சொன்னாள், அவர் எழுந்து நின்றுவிட்டார். அப்படித்தான் அந்த ஆட்டத்தின் விதி பிறந்தது. வருகிறவர்கள் அந்தக் கட்டுகளிலிருந்து தங்கள் வாழ்க்கையில் கழிந்துபோன ஒரு நாளின் தாளைக் கிழித்து எடுக்கவேண்டியது, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேமராவைப் பார்த்துச் சொல்லவேண்டியது, கறுப்பிலோ சிவப்பிலோ வைக்கவேண்டியது. எதிரே இன்னொருவர், அவருக்கு ஒரு நாள். நான் சக்கரத்தைச் சுற்றுவேன். தோற்றவரின் தாள் ஜெயித்தவருக்கு. "பேப்பர்தானே, போனாப் போகுது. நமக்கு வேண்டியது அழுகை" என்றார் ஹரிசுதன்.

முதல் ஆட்டத்தில் வளையல் கடைக்காரர் தன்னுடைய சின்ன வயசுப் பங்குனிப்பொங்கல் நாள் ஒன்றை வைத்துத் தோற்றார். ஜெயித்தது பால் ஊற்றுகிற செல்லக்கிளி. அவள் அந்தத் தாளைக் கொண்டுபோய் வீட்டுச் சுவரில் ஆணியில் மாட்டினாள், தாளைக் கண்டால் ஆணியில் மாட்டுவது எங்களுக்குப் பிறவிப் பழக்கம். மறுநாள் விடிந்தபோது அவள் வீட்டுக்குள் மட்டும் அந்தப் பங்குனிப்பொங்கல் விடிந்தது. கொட்டுச் சத்தம், வேப்பிலை வாசனை, மஞ்சள் வேட்டி கட்டி அக்கினிச்சட்டி எடுத்துக்கொண்டு வளையல் கடைக்காரரின் அப்பா அடுப்படிக்கும் வாசலுக்குமாக ஆடி வந்தார். செத்து இருபது வருஷமான மனுஷர். செல்லக்கிளி விழுந்து கும்பிட்டு, திருநீறு வாங்கிக்கொண்டு, பாலுக்கு நேரமாகிவிட்டது என்று கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. பார்த்துவிட்டு, அட ஆமாம் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலைக்குப் போனது. நாங்கள் வராத வருஷத்தை ஐந்து மாசம் முன்னாலேயே செய்து விற்கிறவர்கள். போன நாள் ஒன்று திரும்பி வந்தால் அதற்காக மிஷினை நிறுத்தவா முடியும்?

ஆனால் வந்த நாட்களோடு குடித்தனம் நடத்தவேண்டும் இல்லையா, அதற்கு ஊரில் ஒவ்வொன்றாக வழிமுறை உண்டாயிற்று. மழைநாளை மாட்டுகிறவர்கள் முந்தின நாளே தெருவுக்குச் சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் அடுத்த வீட்டு வாசலில் தீப்பெட்டிக்குச்சி காயும், பின்தெருவில் வெடிக்குழாய் காயும், சுவர் தாண்டி ஈரம் அடித்தால் யார் பதில் சொல்வது? வந்துபோகிற பழைய ஆட்களுக்குச் சோறு போட அரிசி பற்றவில்லை என்று பெண்கள் ரேஷன் கடையில் சண்டைக்கு நின்றார்கள்; "செத்தவங்களுக்குக் கார்டு இருந்தா கொண்டாங்க, போடுறேன்" என்று கடைக்காரர் கதவைச் சாத்தினார். செத்தவர் வந்த வீட்டில் தீட்டு உண்டா என்று கேட்டதற்கு அம்மன் கோயில் பூசாரி வெற்றிலையை மென்று முடிக்கிறவரை யோசித்துவிட்டு, "உயிரோடதானப்பா வாராங்க, தீட்டு எங்கருந்து வந்துச்சு" என்றார். கல்யாண நாட்களுக்கு ஏகப்பட்ட கிராக்கி. பரீட்சை நாளை ஜெயித்துவிட்டவன் பாவம், மாட்டவும் முடியாமல் எறியவும் முடியாமல் திரிந்தான்.

தோற்றவர்கள் பாடுதான் பெரும்பாடு. நாளைத் தோற்றவருக்கு, அப்படி ஒரு நாள் இருந்தது என்பதுமட்டும் தெரியும், யாரோ சொல்லிக் கேட்டமாதிரி. அதற்குள் என்ன பேசினோம், யார் எப்படிச் சிரித்தார்கள் என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. அதனால் ஜெயித்தவர் தன் வீட்டில் அந்த நாளை மாட்டினால் வாசல் கதவைச் சாத்தக் கூடாது, தெருவில் ஒரு நாற்காலி போட்டு, தோற்றவருக்கு ஒரு காபியும் கொடுக்கவேண்டும் என்று ஆயிற்று. மனசு கேட்காமல் சிலர் தாளைத் திருப்பிக் கொடுத்தும் பார்த்தார்கள். சும்மா கொடுத்த தாள் வெறும் தாளாகவே ஆணியில் தொங்கியது. ஆடி ஜெயித்தால்தான் விடியும் என்று எல்லாருக்கும் விளங்கிப்போயிற்று.

இத்தனைக்கும் டிவியில் ஒன்றும் தெரியவில்லை, அதுதான் வேடிக்கை. கேமராவில் செல்லக்கிளி வீடு காலியாக இருந்தது. வெளியூரில் பார்த்தவர்களுக்கு, காகிதத்தை வைத்துச் சூதாடிவிட்டு மூக்கைச் சிந்துகிற ஒரு கூட்டம், அவ்வளவுதான். சேனலிலிருந்து தினம் போனில் திட்டு விழுந்தது. ஒருநாள் ஹரிசுதனிடம், "சார், நீங்க ஒரு நாளாவது வச்சு ஆடுங்களேன்" என்றேன். அவர் கட்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "வைக்கிறமாதிரி ஒரு நாளும் ஞாபகம் வரமாட்டேங்குதும்மா" என்றார். எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சலெல்லாம் அன்றைக்குப் போய்விட்டது.

இனி தவசிலிங்கம் மாமாவைச் சொல்லவேண்டும். என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். ஆப்செட் மிஷின் ஓட்டியே தலை நரைத்தவர். அவர் வீட்டுக்காரி முத்துக்கனி அத்தை சர்க்கரை வியாதியில் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். பிள்ளை குட்டி கிடையாது. மாமா பேசுகிற ஆள் இல்லை, நாம் பத்து பேசினால் அவர் ஒரு 'ம்' போடுவார். அவர் மனசுக்குள் ஒரு மழைநாள் இருந்தது. கல்யாணமான புதிது, ஐப்பசி அடைமழை, அச்சாபீஸில் கரண்ட் போய்விட்டதால் சீசன் நேரத்திலும் வீட்டில் இருக்க நேர்ந்த நாள். வீடு ஒழுக, அங்கங்கே பாத்திரம் வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்த நாளாம். எனக்கு அவர் சொன்னது இவ்வளவுதான், மிச்சத்தை யாரிடமும் சொன்னதில்லை.

கேசினோவுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், அந்த மழைநாளின் தாளைத் தேடி எடுத்ததுதான், 1989 நவம்பர் 14. அது யார் கையிலும் சிக்கக் கூடாது என்று வீட்டு டிரங்குப் பெட்டியில் பூட்டினார். பிறகு ஹரிசுதனின் நச்சரிப்புக்காக ஒரு ஆட்டம் ஆட வந்தபோது, 1988-ஆம் வருஷக் கட்டிலிருந்து அதே நவம்பர் 14-ஐக் கிழித்து வந்தார். "இது சும்மா நாளு. அன்னைக்கு ஒண்ணுமே நடக்கல" என்று கேமராவில் சொன்னார். கறுப்பில் வைத்தார். எதிரே சீனியம்மாள். குண்டு சிவப்பில் விழுந்தது. ஒண்ணுமே நடக்காத நாள் போனதற்குக் கவலைப்படாமல் மாமா வீட்டுக்குப் போய்விட்டார்.

சீனியம்மாள் அந்தத் தாளை மாட்டிய காலையில் அவள் மெஸ்ஸின் தகரத்தில் மழை விழுந்தது. தெருவெல்லாம் வெயில், அவள் கூரையில் மட்டும் சடசடவென்று ஐப்பசி மழை. முறைப்படி மாமாவுக்கு நாற்காலி போட்டுக் காபி கொடுத்தார்கள். வெறும் நாள்தானே என்று அசட்டையாகத்தான் வந்து உட்கார்ந்தார். உள்ளே, நனைந்த சேலைத்தலைப்பைப் பிழிந்துகொண்டு ஒரு சின்னப்பெண் வந்தாள், மூக்குத்தி மினுங்க. "யக்கா, இந்த மூலையிலயும் ஒழுகுது, அண்டா இருந்தாக் குடுங்க" என்று சொல்லிச் சிரித்தாள். மாமா கையிலிருந்த காபி மடியில் கொட்டிவிட்டது.

"மாரீ, அது உங்க அத்தைடி" என்றார், பக்கத்தில் நின்ற என்னிடம்.

எழுந்து ஓடினார். டிரங்குப் பெட்டியைத் திறந்து 1989-ஐ எடுத்துப் பார்த்தார், விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் பார்த்தார், அப்புறம் தலையில் அடித்துக்கொண்டார். அந்த மழையில் கரண்ட் போனபோது மிஷினில் ஓடிக்கொண்டிருந்தது 1989 காலண்டர். அந்தச் சீசன் முழுக்க அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷர், ஆயுசு பூராவும் அந்த மழை 1989-இல் பெய்ததாக நினைத்துக்கொண்டார். பெய்தது 1988-இல். பொய்யான நாளைப் பூட்டிவைத்துவிட்டு, மெய்யான நாளைச் சூதில் விட்டுவிட்டார். வேறு ஊர்க்காரன் எவனும் இப்படித் தோற்கமாட்டான். எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை, அழுதேன்.

"அவ அன்னைக்கு என்ன சொல்லிச் சிரிச்சா மாரீ? நெஞ்சுக்குள்ள இருந்துச்சே. இப்பத் தேடுனா ஒண்ணுமில்லையே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சீனியம்மாள் அந்த நாளை அடிக்கடி மாட்டினாள். மாட்டுகிற ஒவ்வொரு தடவையும் மாமா நாற்காலியில் வந்து உட்காருவார். அதட்டலைத் தவிர ஒன்றும் கேட்டிராத அந்த மெஸ்ஸில் இரண்டு பெண்கள் கடலை உரித்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஒருநாள் மாமா நாற்காலியிலிருந்து எழுந்து படியேறி, "ஆத்தா, இன்னொரு ஆட்டம் ஆடு. எனக்கு அவ வேணும்" என்றார். அவர் ஒருமூச்சில் அவ்வளவு பேசி நான் பார்த்ததே கிடையாது.

சீனியம்மாள் முகம் கறுத்துப்போயிற்று. "எனக்கு மட்டும் யாரு இருக்கா அண்ணாச்சி? எனக்கு யாராச்சும் காபி போட்டுக் குடுத்து எத்தன வருஷமாச்சு தெரியுமா? இந்தப் பிள்ள போடுது" என்றாள். பிறகு சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, "என்னத்த வைப்பீங்க?" என்று கேட்டாள்.

"என் கல்யாண நாள வைக்கேன்."

"ஐயோ, அதுவும் போயிருச்சுன்னா?"

"அன்னைக்கு ஊரே பேசுச்சு, நானும் அவளும் ஒரு வார்த்த பேசல. போனாப் போகட்டும்."

அந்த வாரமே சேனலில் ஷோவை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஆகையால் அதுதான் கடைசி ஆட்டம். கேமரா ஓடியதா இல்லையா என்றுகூட யாரும் பார்க்கவில்லை, ஹரிசுதனே கூட்டத்தில் ஒருவராக நின்றார். மாமா கல்யாணத் தாளைக் கறுப்பில் வைத்தார், சீனியம்மாள் மழைத் தாளைச் சிவப்பில் வைத்தாள். அம்மனை நினைத்துக்கொண்டு நான் சக்கரத்தைச் சுற்றினேன். குண்டு கடகடவென்று ஓடி, சிவப்பில் ஏறி, நின்றுவிடுவது போலத் தள்ளாடி, கறுப்பில் விழுந்தது. குடோனே அதிர்கிறமாதிரி கத்தினோம். சீனியம்மாளும் கைதட்டினாள், தட்டிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மாமா சவரம் செய்து, சலவை வேட்டி கட்டி, தாளை மாட்டிவிட்டு நடுவீட்டில் நின்றார். முறைப்படி கதவு திறந்தே இருந்தது. நான் என் வாசலில் நின்றுகொண்டேன். வேவு பார்த்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மழை பிடித்தது. அடுப்படியிலிருந்து அத்தை வந்தாள். மாமாவைப் பார்த்தாள். தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"யாரு? மழைக்கு ஒதுங்குனீங்களா பெரியவரே? உள்ள வாங்க, சாரல் அடிக்கும்."

அவளுக்கு அன்றைக்கு இருபத்திரண்டு வயசு. அவள் புருஷனுக்கு இருபத்தெட்டு. நரைத்த கிழவரை அவள் எங்கே கண்டாள்? மெஸ்ஸில் வந்தபோது அவளுக்கு ஒரு அக்கா தேவைப்பட்டாள், அக்கா இருந்தாள். இங்கே அவளுக்குத் தேவைப்பட்டது புருஷன். அந்த நாளைச் சூதில் விட்டபோதே அதற்குள்ளிருந்தும் போய்விட்ட புருஷன், ஜெயித்துத் திரும்பி வந்தபோது விருந்தாளியாகத்தான் வரமுடிந்தது. இது எங்கள் யாருக்கும் முன்னாலேயே தோன்றவில்லை.

துண்டு எடுத்துக் கொடுத்தாள். ஒழுகுகிற இடமெல்லாம் பாத்திரம் வைத்தாள். இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் வாசலை எட்டிப் பார்த்தாள்.

"பிரஸ்ல கரண்ட் போயிருச்சுன்னு சொன்னாங்க, இவர இன்னுங் காணோம். நனைஞ்சுக்கிட்டு எங்க நிக்காரோ."

"வந்துருவான் தாயி" என்றார் மாமா.

மத்தியானம் அவருக்கு இலை போட்டாள். "அவருக்கு வடிச்ச சோறுதான், நீங்க சாப்பிடுங்க. அவருக்குச் சூடா வேற வடிச்சுக்கிடுறேன்" என்று சொல்லி, ரசம் ஊற்றினாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

"உம் புருஷன் உன்ன நல்லா வச்சுக்கிடுதானா?" என்று கேட்டார், சோற்றைப் பார்த்தபடியே.

அத்தை சிரித்தாள். அந்தச் சிரிப்பு சுவர் தாண்டி என் வீட்டுக்குள் வந்தது. "அவருக்கு வாய்ல வார்த்த வராது பெரியவரே. பூ வாங்கிட்டு வந்தாக்கூடக் கையில குடுக்க மாட்டாரு, அந்த ஆணியில மாட்டிட்டு, ஒண்ணும் தெரியாதவர்கணக்காப் போயிருவாரு. நானா எடுத்து வச்சுக்கிடுவேன்."

"கோவம் வராதா உனக்கு?"

"எதுக்குக் கோவம்? வெக்கப்படுற மனுஷன், கடைவீதிலருந்து வீடுவரைக்கும், எல்லாரும் பாக்க, எனக்காகக் கையில பூவப் புடிச்சுக்கிட்டு நடந்து வந்திருக்காரு. அத ஒருநாளும் அவருகிட்ட நாஞ் சொன்னதில்ல. சொன்னா வாங்குறத விட்டுருவாரு."

மாமா இலையை மூடக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் மழை விட்டது. அத்தை விளக்கை ஏற்றி வைத்துவிட்டு வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தாள். "மழை விட்டுருச்சு பெரியவரே. நீங்க போற வழியில அவரப் பாத்தா, சோறு ஆறுது, நான் சாப்பிடாமக் காத்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லிருவீங்களா? தவசின்னு கேட்டா பிரஸ்ல எல்லாருக்கும் தெரியும்."

"சொல்லுதேன் தாயி" என்றார்.

செருப்பை மாட்டிக்கொண்டு, தன் வீட்டுப் படியிலிருந்து தானே இறங்கினார். தெரு காய்ந்து கிடந்தது, தீப்பெட்டிக்குச்சியை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் சேற்றில் நடப்பவரைப்போல வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார். "மாமா, எங்க மாமா போறீங்க? அத்தை உள்ளதான இருக்கா?" என்று கத்தினேன்.

திரும்பிப் பார்த்தார்.

"சும்மா இரு மாரீ. பிள்ள காலையிலருந்து சாப்பிடாம இருக்கா. போய் அவனக் கூட்டிட்டு வாரேன்."